பாறையில் வேரோடிய மரம்: அரசா, கல்லரசா, இச்சியா?

கரட்டுமேடு (கேள்வி)

செஞ்சிப் பக்கத்துக் குன்று ஒன்றின் சரிவில், வெறும் பாறை மேல் ஒரு மரம் நிற்கிறது. உயரம் சுமார் 6 மீட்டர். அடியிலேயே மூன்று கிளையாகப் பிரிந்துவிட்டது. மண் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. வேர்கள் பாறையோடு பட்டையாக ஒட்டி, 4 மீட்டர் வரை கீழே இறங்கி ஒரு பிளவுக்குள் போகின்றன. வேரின் நிறம் சாம்பல் பூத்த வெள்ளை. தூரத்திலிருந்து பார்த்தால் சுண்ணாம்பு வழிந்த மாதிரி தெரியும். விழுது ஒன்றுகூட இல்லை.

இலை அரச இலையின் சாயல்தான். ஆனால் அரசுக்கு இருக்கிற நீள வால் இல்லை, நுனி சட்டென்று முடிந்துவிடுகிறது. காம்பு நீளம், இளஞ்சிவப்பு. ஓரம் லேசாக நெளிந்திருக்கிறது. கிள்ளினால் பால் வருகிறது. பட்டாணி அளவுக் காய்கள் இருக்கின்றன, இலை இல்லாத பழைய கிளைப் பகுதியில்தான் அதிகம்.

ஆடு மேய்ப்பவர்கள் ஒருவர் அரசு என்கிறார், ஒருவர் இச்சி என்கிறார், இன்னொருவர் கல்லால் என்கிறார். கைபேசிச் செயலி இரண்டு முறை அரசு என்றது, ஒரு முறை பூவரசு என்றது.

மூன்று கேள்விகள்:
1. இது என்ன மரம்? எதை வைத்து உறுதி செய்வது?
2. காயைப் பிளந்தால் உள்ளே பொடிப் பூச்சிகள். காய் சொத்தையா?
3. இதே குன்றின் அடிவாரத்தில் நட விதையிலிருந்து கன்று எடுக்க முடியுமா?

---

விழுதுவேர்

பூவரசை முதலில் தள்ளிவிடலாம். அது செம்பருத்திக் குடும்பம். கிளையைக் கிள்ளினால் பால் வராது, மஞ்சள் பூ வெளியே தெரியும், காய் உருண்டையாகக் காய்ந்து தொங்கும். இலை இதய வடிவம் என்பதைத் தவிர அதற்கும் அரசுக்கும் உறவில்லை. செயலி இந்த இலை வடிவத்தைப் பார்த்து ஏமாந்திருக்கலாம்.

ஆல், அரசு, அத்தி, இச்சி எல்லாம் ஃபைகஸ் என்ற ஒரே பேரினம். உலகம் முழுக்க 800க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. உங்கள் மரமும் அதில் ஒன்றுதானா என்று பார்க்க மூன்று அடையாளம் போதும். பால் வர வேண்டும். கிளை நுனியில் மொட்டை மூடியபடி கூரான செதில் ஒன்று இருக்க வேண்டும். அது உதிர்ந்த இடத்தில், ஒவ்வொரு கணுவிலும் கிளையைச் சுற்றி மோதிரம் போட்ட மாதிரி ஒரு தழும்பு இருக்க வேண்டும். பலாவிலும் பாலும் இந்த மோதிரமும் உண்டு. ஆகவே மூன்றாவதாகக் காய்: நுனியில் பொடிச் செதில்கள் அடைத்த ஒரு சிறு துளையோடு, உருண்டையாக இருக்க வேண்டும்.

அடுத்து எந்த இனம். இலையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சொல்வதானால் அளந்து சொல்லுங்கள்.

வெயில் படும் முற்றிய கிளையிலிருந்து 10 இலை எடுங்கள். வெட்டின இடத்தில் துளிர்த்த கிளையிலிருந்தோ, அடியில் கிளம்பின போத்திலிருந்தோ எடுக்காதீர்கள். அந்த இலைகள் அளவிலும் வடிவிலும் தாறுமாறாக இருக்கும். பாதித் தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. ஒவ்வொரு இலையிலும் நான்கு அளவு: காம்பு, தகட்டின் மொத்த நீளம் (வாலையும் சேர்த்து), அதிக அகலம், வால் மட்டும். வால் எங்கே தொடங்குகிறது என்று சந்தேகம் வரும். இரண்டு ஓரமும் உள்பக்கமாக வளைந்து கிட்டத்தட்ட இணையாகப் போகத் தொடங்கும் இடத்திலிருந்து அளந்தால் போதும்.

பிறகு இதைப் பாருங்கள்:

அரசு (ஃபைகஸ் ரிலிஜியோசா): தகட்டு நீளத்தில் வால் நான்கில் ஒரு பங்குக்குக் குறைவதே அபூர்வம், மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவது சகஜம். அடி கிட்டத்தட்ட நேராக வெட்டினது போல, அல்லது லேசான இதயக்குழி. காய்கள் இலைக்கணுவில் இரண்டிரண்டாக, காம்பே இல்லாமல் கிளையில் உட்கார்ந்திருக்கும்.

கல்லரசு (ஃபைகஸ் ஆர்னோட்டியானா): வால் குட்டை. அடியில் இதயக்குழி ஆழம். காம்பும் நடு நரம்பும் இளஞ்சிவப்பு. காய்கள் பெரும்பாலும் இலைக்குக் கீழே, இலை உதிர்ந்த தழும்பு இருக்கும் பகுதியில், சின்னக் காம்போடு கொத்தாக. விழுது இருக்காது, இருந்தாலும் ஒன்றிரண்டுதான். பாறைதான் இதன் வீடு.

குருகு அல்லது சுவி (ஃபைகஸ் விரென்ஸ்): இலை நீள்வட்டம், நீளம் அகலத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. அடி வட்டமாக முடியும், ஆழமான குழி வராது. காய் வெளிறிய நிறத்தில் புள்ளிகளோடு.

இச்சி (ஃபைகஸ் மைக்ரோகார்பா): இலை 4 முதல் 8 செ.மீ.தான், தடித்துப் பளபளப்பாக, நுனி மொட்டையாக. காம்பு 2 செ.மீ.யைத் தாண்டாது. இந்த ஒரு அளவிலேயே உங்கள் மரம் இச்சி இல்லை.

கல்லால் என்று சிலர் சொல்லும் ஃபைகஸ் மோலிஸ்: இதுவும் பாறையில் வளரும். ஆனால் இலையின் அடிப்பக்கமும் இளங்கிளையும் மென்பஞ்சு போல மயிர் அடர்ந்திருக்கும். விரலால் தடவினாலே தெரிந்துவிடும்.

துளிர் நிறத்தை நம்ப வேண்டாம். அரசு, கல்லரசு, குருகு மூன்றுமே வெயில் தொடங்கும்போது செம்பு நிறத்தில் துளிர்க்கும். படம் மட்டும் பார்த்து "சிவப்புத் துளிர், ஆகவே கல்லரசு" என்று சொல்பவர்களை இங்கேயே பார்த்திருக்கிறோம்.

தேவைப்படுவது: 10 இலை அளவு, காயின் காம்பு அளவு, காயைத் தலைகீழாகப் பிடித்து அடிச்செதில்களின் (காயின் அடியில், காம்பு சேரும் இடத்தில் இருப்பவை) படம், இலை அடிப்பக்கத்தின் நெருங்கின படம். காயைக் கிளையோடு சேர்த்து எடுங்கள். தனிக்காய் படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அது எங்கே, எப்படி ஒட்டியிருந்தது என்பதுதான் விஷயமே.

---

பெயரும்செடியும்

ஊர்ப்பெயர் பற்றி ஒரு வார்த்தை. ஆடு மேய்ப்பவர்கள் மூன்று பேரும் தப்பாகச் சொல்லவில்லை. நம் பேச்சில் "கல்" என்ற முன்னொட்டு இனத்தைச் சொல்வதில்லை, இடத்தைச் சொல்கிறது. பாறையில் நிற்கிற ஆல் சாயல் மரம் எல்லாம் கல்லால், அரசு சாயல் எல்லாம் கல்லரசு, சின்ன இலை என்றால் கல்லிச்சி. கல்லால் என்ற ஒரே பெயரை ஊருக்கு ஊர் மூன்று நான்கு இனங்களுக்கு வைத்திருக்கிறார்கள். கல்லரசையே கொடியரசு என்கிற ஊரும் உண்டு; கொடிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, பாறையில் படர்ந்து இறங்கும் வேரை வைத்து வந்திருக்கலாம்.

இத்தி, இச்சி, இற்றி மூன்றும் ஒரே சொல்லின் வடிவங்கள். சங்கப் பாட்டில் பாறை மேல் படர்ந்த இற்றியின் வெள்வேரை மலையிலிருந்து இறங்கும் அருவிக்கு உவமை சொல்கிறார் கபிலர். நீங்கள் சொன்ன சுண்ணாம்பு வழிந்த வேர் அதே காட்சிதான். ஆனால் அதை வைத்து "சங்க கால இற்றி இதுதான்" என்று கிளம்பிவிட வேண்டாம். பாறையில் வெள்வேர் விடும் ஃபைகஸ் இங்கே நாலைந்து இருக்கின்றன. அந்தப் பாட்டில் விழுதும் வருகிறது, உங்கள் மரத்தில் விழுதே இல்லை.

குறிப்பில் எழுதும்போது ஊர்ப்பெயரையும் அறிவியல் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். ஊர்ப்பெயரோடு ஊர் பெயரையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் பத்து வருடம் கழித்துப் படிப்பவருக்கு அதனால் பயன் இல்லை.

---

கரட்டுமேடு

அளந்துவிட்டேன். 10 இலையின் சராசரி: காம்பு 6.8 செ.மீ., தகடு 12.1 செ.மீ., அகலம் 9.2 செ.மீ., வால் 1.4 செ.மீ. வால் எந்த இலையிலும் 2 செ.மீ.யைத் தாண்டவில்லை. அடியில் இதயக்குழி எல்லா இலையிலும் தெளிவு, காம்பு சேரும் இடத்தில் சுமார் 1 செ.மீ. ஆழம்.

காய்க்காம்பு 3 முதல் 5 மி.மீ. ஒரே தழும்புக்கு மேலே இரண்டு முதல் நாலு காய். காய் 9 மி.மீ., பச்சையில் வெளிர்ப் புள்ளிகள். அடிச்செதில் மூன்று, மிகச் சின்னது. மயிர் எங்கும் இல்லை. இலை அடியில், நடு நரம்பு தொடங்கும் இடத்தில் மட்டும் மெழுகு தடவின மாதிரி ஒரு சின்னப் புள்ளி.

---

பச்சைத்தகடு

புள்ளி போட்ட காய், இலையில்லாக் கிளையில் கொத்து என்றால் குருகாகவும் இருக்கலாமே? குருகும் பாறையில் வரும். கல்லரசு என்று முடிவுகட்டும் முன் அதைச் சரிபார்க்க வேண்டாமா?

---

விழுதுவேர்

நியாயமான சந்தேகம், பச்சைத்தகடு. குருகிலும் காய் இலையில்லாக் கிளையில் வரும், புள்ளியும் இருக்கும். காயை மட்டும் பார்த்தால் இரண்டும் மயக்கும். இந்த இடத்தில்தான் இலை உதவிக்கு வருகிறது. நீளத்தை அகலத்தால் வகுத்தால் 12.1 / 9.2, அதாவது 1.3. குருகில் இது சாதாரணமாக ஒன்றரைக்கு மேல் போகும். அதைவிட முக்கியம் அடிப்பகுதி. 1 செ.மீ. ஆழக் குழி பத்து இலையிலும் வந்திருக்கிறது. குருகின் அடி வட்டம், மிஞ்சினால் மெல்லிய பள்ளம். காய்க்காம்பும் குருகில் இல்லவே இல்லை அல்லது மிகக் குட்டை. ஒரு குணம் தனியாக ஏமாற்றும், மூன்று சேர்ந்து ஏமாற்றாது.

அரசையும் அளவே ஒதுக்கிவிட்டது. வால் 1.4 / 12.1, சுமார் 12 விழுக்காடு. காய்க்காம்பு வேறு இருக்கிறது.

அந்த மெழுகுப் புள்ளியை நீங்கள் கவனித்தது நல்லது. ஆல், அரசு, இச்சி, குருகு, கல்லரசு இருக்கும் பிரிவில் அது நடு நரம்பின் அடியில் ஒற்றையாக இருக்கும். அத்தியிலும் பேயத்தியிலும் பக்க நரம்புகள் பிரியும் மூலையில் இருக்கும். காய் இல்லாத காலத்தில் எந்தக் கூட்டம் என்று பிரிக்க இது கை கொடுக்கும்.

ஆகவே கல்லரசு, ஃபைகஸ் ஆர்னோட்டியானா. 1847ல் டச்சுத் தாவரவியலாளர் மிக்கேல் வேறொரு பேரினத்தில் வைத்துப் பெயரிட்டார், பிறகு அவரே ஃபைகஸுக்கு மாற்றினார். பெயரில் இருப்பது ஸ்காட்லாந்துக்காரர் ஆர்னாட். தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளரோடு சேர்ந்து எழுதியவர்.

மாதிரி வைப்பதானால் காய் உள்ள ஒரு முழக் கிளையைச் செய்தித்தாளில் அழுத்துங்கள். ஒரு இலையையாவது திருப்பி, அடிப்பக்கம் தெரியும்படி வையுங்கள். பால் தாளில் ஒட்டும். வெட்டின முனையைத் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்துவிட்டு, ஈரத்தை ஒற்றிவிட்டு அழுத்தினால் ஒட்டாது. முதல் மூன்று நாள் தினமும் தாள் மாற்றாவிட்டால் இலை கறுத்து, கணுவில் கழன்று விழும். காய் அழுத்தினால் நசுங்கும். நாலைந்தைத் தனியாக 70 விழுக்காடு ஆல்கஹாலில் போட்டு, அழுத்தின கிளைக்குக் கொடுத்த எண்ணையே ஒரு சீட்டில் பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்கள். பேனா மை கரைந்துவிடும்.

---

காய்க்குள்காடு

இரண்டாவது கேள்விக்கு. சொத்தை இல்லை. அந்தப் பூச்சி இல்லாவிட்டால்தான் காய் வீண்.

"அத்திக்காயைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு" என்ற பழமொழி இழிவாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் அது சரியான கவனிப்பு. காய் என்று நாம் சொல்வது காய் இல்லை, உள்பக்கமாகத் திரும்பின பூங்கொத்து. சதைச் சுவரின் உள்புறம் நூற்றுக்கணக்கான பொடிப் பூக்கள். அத்தி பூத்தது போல என்று அபூர்வத்துக்குச் சொல்கிறோம். அது வருடா வருடம் பூக்கத்தான் செய்கிறது, பூட்டிய அறைக்குள்.

அறைக்கு ஒரே வாசல், நுனியில் இருக்கும் துளை. அதையும் செதில்கள் அடைத்திருக்கும். பூக்கள் தயாரானதும் மணம் வெளியே போகும். 1 முதல் 2 மி.மீ. நீளப் பெண்குளவி தேடி வந்து செதில்களுக்கு இடையில் நெருக்கி நுழையும். நுழையும்போது சிறகு ஒடிந்துவிடும். இதை நீங்களே பார்க்கலாம். 10 மடங்கு லென்ஸில் துளை வாயைப் பாருங்கள், கண்ணாடித் துண்டு போல ஒடிந்த சிறகு ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தக் காய்க்குள் குளவி போய்விட்டது. திரும்பி வராது.

உள்ளே அது மகரந்தத்தை வைத்துவிட்டு முட்டையிடும். கல்லரசு, அரசு, ஆல் எல்லாவற்றிலும் ஒரே காய்க்குள் மூன்று வகைப் பூ: ஆண்பூ, சூல்தண்டு நீண்ட பெண்பூ, சூல்தண்டு குட்டையான பெண்பூ. குளவியின் முட்டைக்குழாய் குட்டைத் தண்டுப் பூவின் சூலகத்தை எட்டும், அங்கே குஞ்சு வளரும். நீண்ட தண்டுப் பூக்கள் பெரும்பாலும் விதையாகும். மரமும் குளவியும் காயைப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்று சொல்லலாம், அதில் யாரும் தாராளம் காட்டுவதில்லை.

சில வாரம் கழித்து, முதலில் சிறகில்லாத ஆண்குளவிகள் வெளிவந்து, பெண்களோடு கூடி, சுவரில் துளை போட்டுவிட்டுச் செத்துப்போகும். அந்த நேரத்தில்தான் ஆண்பூக்கள் வெடிக்கும். மகரந்தம் சுமந்து பெண்குளவிகள் வெளியேறும், வெளியே ஓரிரு நாள்தான் ஆயுள். அதற்குள் அதே இனத்தின் இன்னொரு மரத்தில் தயாரான காயைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு மரத்தின் காய்கள் எல்லாம் ஒரே பருவத்தில் இருக்க, பக்கத்து மரம் வேறு பருவத்தில் இருப்பதற்கு இதுதான் காரணம். எல்லா மரமும் ஒன்றாகக் காய்த்தால் குளவி இனம் அழியும். ஒற்றை மரம் என்றால் அடுத்த மரம் தொலைவில் இருந்தாலும் குளவி காற்றோடு போய்ச் சேரும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

பெரும்பாலும் இனத்துக்கு ஒரு குளவி. அரசுக்கு பிளாட்டிஸ்காபா குவாட்ராடிசெப்ஸ், ஆலுக்கு யூப்ரிஸ்டினா மசோனி, அத்திக்கு செரட்டோசோலன் ஃபுசிசெப்ஸ். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

காயை வெட்டிப் பார்க்கும் முறை: துளையிலிருந்து காம்பு வரை நீளவாக்கில், ஒரே இழுப்பில், கூர்மையான சவரத்தகட்டால். குறுக்கே வெட்டினால் ஒன்றும் புரியாது. வெட்டின பாதியை உடனே தண்ணீரில் அலசுங்கள், பால் காய்ந்து மூடிவிடும். நகத்தை உள்ளே ஓட்டுங்கள். கடினமாக மஞ்சளாக நகத்துக்கு வழுக்கினால் விதை. அமுக்கியதும் உடைந்து காலியாக, அல்லது கறுப்புப் பூச்சியோடு இருந்தால் அது குளவி வளர்ந்த பூ. வெறும் சாம்பல் நூல் போல எல்லாம் சுருங்கியிருந்தால் குளவி நுழையவில்லை, அந்தக் காய் தானாக உதிரும்.

ஒரு எச்சரிக்கை. வெளியிலிருந்து நீண்ட ஊசியைக் காய்ச்சுவரில் குத்துகிற குளவியையும் பார்ப்பீர்கள். அது மகரந்தம் கொண்டுவருவதில்லை, ஓசிச் சாப்பாடு. அந்த வகை அதிகமிருக்கும் காயில் விதையும் உண்மைக் குளவியும் குறையும். எறும்பு நடமாட்டம் உள்ள கிளையில் அது அதிகம் நிலைக்காது, எறும்பு பிடித்துவிடும்.

கையில் பால் பட்டால் கழுவுங்கள். சிலருக்கு அரிக்கும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

பச்சைத்தகடு

பேயத்திக்கும் இதே கணக்கா? அதில் சில மரத்தில் விதையே கிடைப்பதில்லை என்கிறார்களே.

---

காய்க்குள்காடு

இல்லை. பேயத்தி (ஃபைகஸ் ஹிஸ்பிடா) வேறு ஏற்பாடு. அதில் ஒரு மரம் குளவி வளர்க்கும் காய் மட்டும் தரும், இன்னொரு மரம் விதைக் காய் மட்டும் தரும். வெளியில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், பிளந்தால்தான் தெரியும். பேயத்தியில் விதை தேடுபவர் பிளந்து பார்க்காமல் மூட்டை நிறையக் கொண்டுவந்து ஏமாறுவது இதனால்தான். எதிரெதிர் இலை, சொரசொரப்பு, அடிமரத்திலிருந்து தொங்கும் காய்க்கொத்து, உள்ளே காலியான இளங்கிளை, இவை இருந்தால் பேயத்தி. கல்லரசுக்கு இந்தத் தொல்லை இல்லை.

---

நாற்றுமேடை

மூன்றாவது கேள்வி. கன்று எடுக்கலாம், ஆனால் பொறுமை வேணும். முதல்ல ஒன்று: குன்று காப்புக்காடா இருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் காயோ கிளையோ எடுக்காதீங்க.

காய் பழுத்து, நிறம் மாறி, விரலுக்கு மெத்தென்று ஆனதும் எடுங்க. பச்சைக்காயில் விதை முற்றியிருக்காது. பறவையும் வவ்வாலும் பழுத்ததை ரெண்டு மூணு நாளில் காலி பண்ணிடும். அதனால் முதல் பழம் நிறம் மாறினதும் மரத்தடியில் துணி விரிச்சு வைங்க, காலையில் விழுந்ததைப் பொறுக்கிக்கலாம். 30 பழம் தாராளம். அதிலேயே நூற்றுக்கணக்கில் விதை வந்துடும்.

பழத்தைப் பிளந்து, ஒரு நாள் தண்ணீரில் ஊறவைச்சு, கையால் கசக்குங்க. மேலே மிதக்கிறது குளவி இருந்த பூவும் காலித் தோடும், வழிச்சுக் கொட்டிடுங்க. அடியில் தங்குறதுதான் விதை, கடுகை விடச் சின்னது, 1 மி.மீ. இருக்கும். நாலைந்து தடவை அலசினால் சதை போயிடும். நிழலில் தாளில் காயவைங்க. வெயிலில் வேண்டாம். அதிக நாள் வைக்காமல் சீக்கிரம் போட்டுடுறது நல்லது.

தொட்டிக்கு: சலிச்ச ஆற்று மணல் 2 பங்கு, சலிச்ச மட்கு 1 பங்கு, பொடிச் செங்கல்தூள் 1 பங்கு. கொதிநீர் ஊற்றி ஆறவிட்டுப் போட்டால் பாசியும் பூஞ்சையும் குறையும். ஈரப்படுத்தி, மட்டம் பண்ணி, விதையை மணலோடு கலந்து மேலே தூவுங்க. மூடாதீங்க. இதுக்கு முளைக்க வெளிச்சம் வேணும். எல்லாரும் பழக்கத்தில் அரை அங்குலம் மண்ணைப் போட்டு மூடி, அப்புறம் முளைக்கலைன்னு சொல்றாங்க.

மேலேயிருந்து தண்ணி ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு ஒதுங்கிடும். தொட்டியைத் தட்டில் வைச்சு, தட்டில் தண்ணி ஊற்றுங்க, கீழேயிருந்து ஏறட்டும். மேலே கண்ணாடியோ தெளிவான நெகிழித்தாளோ, தினமும் பத்து நிமிடம் திறந்துவிடணும். நேர் வெயில் படாத வெளிச்சமான இடம். ரெண்டு வாரத்திலிருந்து முளைக்க ஆரம்பிக்கும், எல்லாம் ஒரே நாளில் வராது, ஆறு வாரம் வரை தொட்டியைக் கொட்டாதீங்க.

முளைச்சதும் ஆபத்து, தண்டு தரைமட்டத்தில் நீர்கோத்துச் சாயறது. அது பூஞ்சை. காரணம் ஈரம் அதிகம், நெருக்கம் அதிகம். மூடியை எடுத்துடுங்க, தண்ணியைக் குறைங்க, சாய்ஞ்ச திட்டைச் சுற்றி மண்ணோடு கரண்டியால் தூக்கிப் போட்டுடுங்க. நாலு இலை விட்டதும் தனித்தனிப் பையில் மாற்றலாம். இலையைப் பிடிச்சுத் தூக்கணும், தண்டைப் பிடிக்கக் கூடாது.

கன்று இலையைப் பார்த்து "இது கல்லரசு இல்லை" என்று பயப்படாதீங்க. சின்னதில் இலை வேற மாதிரி இருக்கும்.

நடுறது ஐப்பசி மழைக்கு முன்னாடி, கன்று ஒன்றரை அடி உயரம் வந்த பிறகு. பாறைப் பிளவில் வைக்கணும்னா, மேலே அகலம் ஒரு கை நுழையும் அளவாவது இருக்கணும், கீழே ஆழமாகப் போகணும். அடியில் மூடின பள்ளம் வேண்டாம், மழையில் தண்ணி தேங்கி வேர் அழுகிடும். பிளவை மண்ணால் அழுத்தி நிரப்பி, மேலே சல்லிக்கல் பரப்புங்க. முதல் ரெண்டு கோடை வாரம் ஒரு தடவை தண்ணி. ஆடு தழையை விடாது, முள் வேலி இல்லாமல் ஒரு கன்றும் தப்பாது.

---

கரட்டுமேடு

கோயில் மதிலில் முளைத்திருக்கும் சின்னக் கன்றுகளை எடுத்து நட்டால் சீக்கிரம் ஆகாதா?

---

நாற்றுமேடை

எடுக்கலாம், ஆனால் அது கல்லரசு என்று என்ன நிச்சயம்? மதிலில் வர்றதில் அரசும் ஆலும்தான் அதிகம். கன்று பருவத்தில் அரசையும் கல்லரசையும் பிரிக்கிறது கஷ்டம். மேலே விழுதுவேர் சொன்ன வால் கணக்கு முற்றின இலைக்குத்தான்.

எடுக்கிறதா இருந்தால் பென்சில் தடிமனுக்குக் கீழே இருக்கிறதை மட்டும், நல்ல மழைக்கு மறுநாள், காரை ஊறியிருக்கும்போது நேராக இழுங்க. அதுக்கு மேலே தடித்தது வேரோடு வராது. வெட்டிவிட்டால் உள்ளேயிருக்கும் வேரிலிருந்து முன்னைவிடக் கொத்தாகத் துளிர்க்கும். பழைய மதிலில் ஓட்டையைச் சிமெண்டால் அடைக்காதீங்க, சுண்ணாம்புக் காரைதான். சிமெண்டு பக்கத்துக் கல்லோடு சேராமல் விரிசல் விடும், அடுத்த விதைக்கு அதுவே இடம்.

---

விழுதுவேர்

ஒரு சின்னச் சேர்க்கை. கன்றுகளை வளர்க்கும்போது ஒவ்வொரு பையிலும் தாய் மரத்தின் எண்ணும் பழம் எடுத்த தேதியும் எழுதிய தகட்டுச் சீட்டைக் கட்டுங்கள். காய் வர வருடக்கணக்கில் ஆகும், அதுவரை இலை மயக்கும். அந்தத் தாய் மரத்தின் அழுத்தின கிளை உங்களிடம் இருந்தால் பிறகு யார் கேட்டாலும் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.